பட்டியலில் இல்லாத நாற்காலி

நான் கார்மெண்ட்ஸில் செக்கிங் சூப்பர்வைசர். பத்தொன்பது வருஷமாக ஒரே வேலை. தைத்த சட்டைகள் வரிசையாக என் மேஜைக்கு வரும். கை ஒரு ஷேடு, உடம்பு ஒரு ஷேடு என்று துளி மாறியிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி ரிஜெக்ட் கூடையில் போட்டுவிடுவேன். தைத்த பெண்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். வைத்துக்கொள்ளட்டும். நல்ல பேர் எடுப்பதற்கா எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்?

இந்தக் கண்ணை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வர முடியாதே. இதே கண்ணோடுதான் என் ஒரே மகள் மோகனப்ரியாவுக்குச் சீர் வாங்கப் போனேன்.

கார்த்திகை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மைசூர் ஹுணசூர் ரோட்டில் இரண்டு மாடி ஃபர்னிச்சர் கடை. என் வீட்டுக்காரர் லிங்கப்பன் உள்ளே நுழைந்ததும் விற்பனைக்கு வைத்திருந்த சோபாவில் உட்கார்ந்தார், ஐந்தாவது நிமிஷம் கண்ணை மூடிவிட்டார். அவரிடம் கேட்டு என்ன ஆகப் போகிறது என்று நானும் எழுப்பவில்லை. கடைக்காரர் காட்டிய முதல் செட்டே எனக்குப் பிடித்துப்போனது. கட்டில், மூன்று கதவு பீரோ, டிரெஸ்ஸிங் டேபிள், அதற்கு ஒரு ஸ்டூல், கட்டிலின் தலைமாட்டுக்கு இரண்டு பக்கமும் வைக்க இரண்டு குட்டி மேஜை. எல்லாம் ஒரே தேன் நிறம். எல்லாவற்றின் மூலையிலும் ஒரே மாதிரி பூ. நான் குனிந்து ஒவ்வொரு பூவையும் பார்த்தேன். ஓர் இதழ்கூட மாறவில்லை.

ப்ரியாவுக்குப் பிடிக்கவில்லை.

"செட்டா எடுத்தா லாட்ஜ் ரூம் மாதிரி இருக்கும்மா" என்றாள். "கட்டில் ஒரு எடத்துல, பீரோ ஒரு எடத்துல, புடிச்சதைப் பாத்துப் பாத்து ஒண்ணொண்ணா வாங்கலாமே."

"கை ஒரு துணி, காலர் ஒரு துணின்னு சட்டை போட்டுட்டுப் போவியா நீ?"

"சட்டை வேற, ரூம் வேறம்மா." அவள் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். அக்ரஹாரம் பக்கம் ஒரு பழைய சாமான் கடை. வாசலில் கிடந்தது ஒரு பச்சை நாற்காலி. தரையோடு தாழ்ந்தது, அகலமானது, பிரம்பு பின்னியது. ஒரு கை மட்டும் வேறு மரம். அதுவே ஒட்டுப்போட்ட சாமான். "ஸ்கூலுக்குப் போறப்ப ஒரு மாசமா பாக்கறேன்மா. யாரும் வாங்கல. இதைச் சீர்ல வெச்சுரும்மா. வேற எதுவுமே கேக்க மாட்டேன்."

அவள் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். மைசூரிலேயே பிறந்து வளர்ந்ததால் பேச்சில் பாதி கன்னடம் வரும். சீர் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஹனூர், கொள்ளேகால் பக்கத்தில் கல்யாணத்துக்கு முதல் நாள் சீரை மண்டபத்தில் பரப்பி வைப்போம். சொந்தபந்தம் சுற்றி நிற்க ஒருவர் பட்டியலைச் சத்தமாகப் படிப்பார். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் அதில் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்வார்கள். பட்டியலில் இருப்பதுதான் சீர். 'பழைய நாற்காலி ஒன்று' என்று நூறு பேர் நடுவில் படித்தால் என் மானம் என்ன ஆவது?

"மண்டபத்துல உங்க பெரியம்மா ஒருத்தி போதும், காலத்துக்கும் சொல்லிக் காட்டுவா. பேசாம இரு கண்ணு."

அவள் ஒரு நிமிஷம் அந்தப் படத்தையே பார்த்தாள். பிறகு போனை அணைத்தாள்.

"சரிம்மா" என்றாள்.

என் மகளிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த 'சரிம்மா'தான். வாதாடுவாள். நான் குரலை உயர்த்தினால் சரிம்மா என்று முடித்துக்கொள்வாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன். இப்படி எத்தனை தடவை ஜெயித்திருக்கிறேன் என்று இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை கவின்ராஜ் பேங்கில் வேலை. அம்மா ரங்கம்மா கொள்ளேகாலில் இருந்தார். ப்ரியாவும் மாப்பிள்ளையும் மைசூரிலேயே குவெம்புநகரில் மாடி வீடு ஒன்றில் வாடகைக்குக் குடிபோனார்கள். சீரைக் கண்டு மண்டபமே வாயடைத்து நின்றது. நான் தலையை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஒரு மாதம் கழித்து முதல் தடவையாக அந்த வீட்டுக்குப் போனேன். ஜன்னலோரம் அந்தப் பச்சை நாற்காலி இருந்தது. கல்யாணத்துக்குப் பின் வந்த முதல் சம்பளத்தில் அவளே போய் வாங்கியிருக்கிறாள். தேன் நிறக் கட்டில், தேன் நிற பீரோ, நடுவில் பச்சை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"எந்தச் சாவு வீட்டுல இருந்து வந்த சாமானோ, அதைக் கொண்டாந்து புது ரூம்ல வெச்சிருக்கறே. அடுத்த தடவை நான் வர்றப்ப இது இங்க இருக்கக் கூடாது."

வாய் என்று ஒன்று இருக்கிறதே எனக்கு. அதைத் தைத்து வைக்க அன்றைக்கு ஒருவரும் இல்லை.

"சரிம்மா" என்றாள்.

அடுத்த தடவை போனபோது நாற்காலி இல்லை. அந்த இடம் துடைத்து வைத்தது போல் இருந்தது. எனக்கு அப்படி ஒரு திருப்தி. அறையைப் போட்டோ பிடித்து எங்கள் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டேன். எல்லோரும் கை கூப்பிய படமும் பூவும் அனுப்பினார்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. மகள் வீடானாலும் அது இன்னொருவர் வீடு. மாதத்தில் இரண்டு ஞாயிறு போவேன். வீட்டைப் பூட்டும்போது ஒரு தடவை போன் பண்ணுவேன், பஸ் ஏறியதும் ஒரு தடவை பண்ணுவேன். வேலை செய்யும் இடத்தில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். மாமியார் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அவர்களும் சொல்வார்கள்.

போன வருஷம் ஆடியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நான் லீவு போட்டுவிட்டு அங்கேயே போய் மூன்று நாள் இருந்தேன். உடம்பெல்லாம் வலி என்றாள். கட்டிலில் படுக்க மாட்டேன் என்றாள். தரையில் உட்கார்ந்து பீரோக் கதவில் சாய்ந்துகொண்டாள். நழுவி நழுவிக் கீழே போவாள், மறுபடி நிமிர்ந்து உட்காருவாள். "இத்தா பெரிய கட்டில் கெடக்கறப்ப தரையில என்ன கண்ணு?" என்று அதற்கும் கடிந்துகொண்டேன். முதுகுக்குத் தலையணை வைத்தேன். நிற்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டெங்கு என்றார்கள். ஐந்தாம் நாள் என் பிள்ளை போய்விட்டாள். இருபத்தேழு வயது.

அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

வருஷம் திரும்பியது. ஒரு நாள் காலையில் ரங்கம்மா போன் பண்ணினார்.

"சம்பந்தி, தப்பா நெனச்சுக்காதீங்க. ஆவணில அவனுக்கு முகூர்த்தம் வெச்சிருக்குதுங்க. வேண்டாம்னுதான் சொன்னான். முப்பது வயசுப் பையனை அப்படியே உட முடியுங்களா? வர்ற புள்ள இன்னொருத்தி சீர்ல படுக்கக் கூடாதுங்க. பட்டியல்ல இருக்கற மாதிரி எல்லாத்தையும் அனுப்பி வெச்சர்றோம்."

தப்பாக நினைக்க ஒன்றும் இல்லை. பிள்ளை இல்லாமல் பெண் போய்விட்டால் சீர் பிறந்த வீட்டுக்குத் திரும்பும். அது எங்கள் வழக்கம். ரங்கம்மா இடத்தில் நான் இருந்திருந்தால் ஒரு வருஷம்கூடப் பொறுத்திருக்க மாட்டேன்.

மைசூர் ஹெப்பாளில் எங்கள் வீட்டு வாசலில் டெம்போ வந்து நின்றது. ரங்கம்மாவின் தம்பி பட்டியலைப் பிரித்துப் படித்தார். மண்டபத்தில் படித்த அதே காகிதம். கட்டில் ஒன்று. பீரோ ஒன்று. டிரெஸ்ஸிங் டேபிள் ஒன்று. ஒவ்வொன்றாக இறங்கியது, அவர் ஒவ்வொன்றாக டிக் அடித்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். ஒரு கீறல் இல்லை, ஒரு பூ உதிரவில்லை. இவ்வளவு சரியாக ஒரு சரக்கு என் மேஜைக்கு வந்ததே இல்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ப்ரியாவின் பழைய அறையில் எல்லாவற்றையும் திணித்தோம். கட்டிலின் தலைப்பக்கம் ஜன்னலை மறைத்தது. பீரோவின் மூன்றாவது கதவைத் திறக்க முடியவில்லை. இரண்டு நாள் அந்த அறைப் பக்கமே போகாமல் சுற்றிய இவர் மூன்றாம் நாள் மெதுவாகக் கேட்டார்.

"வித்தர்லாமா ஜோதி?"

"ஆருங்க வாங்குவாங்க? எந்தச் சாவு வீட்டு..." என்று ஆரம்பித்தேன். மிச்சம் வாயில் வரவில்லை. நான் சொன்ன சொல் அலைந்து திரிந்து என் வீட்டையே வந்து பார்த்துவிட்டது. இவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்த ஞாயிறு டிரெஸ்ஸிங் டேபிளின் இழுப்பறையைத் துடைக்க உட்கார்ந்தேன். ஹேர்பின், ஒட்டுப் பொட்டு அட்டை, பல் உடைந்த சீப்பு. இவற்றுக்குப் பின்னால் ஒரு துணி மூட்டை. பிரித்தால் சின்ன பெயின்ட் டப்பாவும் காய்ந்த பிரஷ்ஷும் இருந்தன. மூடியை ஸ்பூன் காம்பால் நெம்பினேன். பச்சை. அடியில் கொஞ்சம்தான் மிச்சம்.

அந்த வீட்டில் பச்சையாக ஒன்றுமே இல்லையே. மாப்பிள்ளைக்குப் போன் பண்ணினேன்.

"அது அவ நாற்காலிக்கு அடிக்கறதுங்க அத்தை" என்றார்.

"எந்த நாற்காலி? அதைத்தான் அப்பவே எறிஞ்சாச்சே."

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"எறியலீங்க அத்தை" என்றார். "நீங்க பஸ் ஏறுனதும் போன் பண்ணுவீங்கல்ல. உடனே நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சுத் தூக்கிட்டுப் போயி எதுத்த வீட்டு நஞ்சம்மா கிட்ட வெச்சுருவோம். நீங்க போனதும் திருப்பித் தூக்கியாந்துருவோம். தூக்கறப்ப எல்லாம் கதவு நெலையில இடிச்சுப் பெயின்ட் பேந்துரும். மறுநாள் உக்காந்து அடிப்பா. அதுக்குத்தான் அந்த டப்பா."

ஒன்றரை வருஷம். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு.

"சலிச்சுக்குவாளா?"

"இல்லீங்க. சிரிச்சுட்டேதான் தூக்குவா. நம்ம எச்.எம். வர்றாங்க, ஸ்டாஃப் ரூமைச் சரி பண்ணுன்னுவா."

"இப்ப அது எங்க இருக்குது?"

"இங்கதாங்க. பட்டியல்ல இல்லைன்னு எங்க மாமா டெம்போவுல ஏத்த வேண்டாம்னுட்டாருங்க."

போனை வைத்துவிட்டேன். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கிறார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? பெற்ற தாய் நான் என்ன புலியா? சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். என் கையாலேயே தூக்கி மாடியிலிருந்து கீழே போட்டிருப்பேன். அது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் வேலையில் அரை நாள் பர்மிஷன் வாங்கிக்கொண்டு குவெம்புநகர் பஸ் ஏறினேன். கை தானாகப் போனை எடுத்தது. பைக்குள் திரும்பப் போட்டேன். சொல்லாமல் அந்த வீட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை.

மாடியில் கதவு திறந்து கிடந்தது. கல்யாணத்துக்காகச் சுண்ணாம்பு அடித்து முடித்திருந்தார்கள். அறை காலி. ஜன்னலோரம் பச்சை நாற்காலி. அதில் மாப்பிள்ளை உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்து மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். லீவு போட்டிருப்பார் போல.

என்னைப் பார்த்ததும் அடித்துப் பிடித்து எழுந்தார். தட்டைத் தரையில் வைத்தார். குனிந்து நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கினார். தூக்கி இரண்டடி நடந்த பிறகுதான் என்ன செய்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் அதை ஏந்திக்கொண்டு நின்றார்.

"வெச்சுருங்க மாப்பிள்ளை" என்றேன்.

வைத்தார். நான் அதன் பக்கத்தில் போய் நின்றேன். கால்களில் பச்சைக்குமேல் பச்சை திட்டுத் திட்டாக அடித்திருந்தது. ஒரு திட்டுக்கும் இன்னொன்றுக்கும் ஷேடு சேரவில்லை. என் மேஜைக்கு வந்திருந்தால் எட்டு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பேன்.

கேட்கக் கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு பண்ணியிருந்தேன். ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"காய்ச்சல்ல கெடந்தாளே, அப்ப இது எங்க இருந்துச்சு?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நஞ்சம்மா வீட்லங்க. நீங்க இங்க இருந்தீங்கல்ல."

"கேட்டாளா?"

"கேக்கலீங்க. நான்தான், முதுகு வலிக்குதுன்னியே, நாற்காலியைக் கொண்டாரட்டுமான்னு கேட்டேன்." அவர் எச்சில் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அம்மா இருக்காங்க, பேடா, வேண்டாம்னுட்டா. நாலு நாள்ல சரியாயிரும், அம்மா ஊட்டுக்குப் போனதும் உக்காந்துக்கறேன்னா."

நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். முதுகுப்பக்கம் உள்வாங்கியிருந்தது, சாய்ந்தால் இடுப்பைத் தாங்கிக்கொண்டது. கால் தரையில் நன்றாகப் பதிந்தது. மூன்று நாள் இரவும் பகலும் நான் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். நான் பக்கத்தில் இருந்ததால்தான் என் பிள்ளை தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் ஒரே ஒரு வேளை வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்திருந்தால்கூட அவள் இதில் சாய்ந்திருப்பாள்.

எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. மாப்பிள்ளை கையைக் கழுவிவிட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

"எடுத்துட்டுப் போயிருங்க அத்தை" என்றார். "வெள்ளிக்கெழமைக்குள்ள எங்கயாச்சும் தள்ளிவிட்ருன்னு அம்மா சொல்லியிருக்காங்க. எனக்கு மனசு வரலீங்க."

"உங்களுக்கு வேண்டாங்களா?"

"வேணுங்க" என்றார். "வர்ற புள்ளைக்கு முன்னால இதை வெச்சுட்டு இருக்கறது நியாயமில்லீங்களே."

ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். வாசலைத் தாண்டும்போது நாற்காலியின் வலது கால் கதவு நிலையில் இடித்தது. மிளகளவு பச்சை உதிர்ந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். எதிர்வீட்டு நஞ்சம்மா கதவைத் திறந்து வெளியே வந்தார். நாற்காலியின் பின்பக்கம் யார் என்று பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கீழே மாப்பிள்ளை ஓர் ஆட்டோவை நிறுத்தி நாற்காலியைப் பின்சீட்டில் சாய்த்து வைத்தார். நான் ஓரமாக ஒண்டிக்கொண்டேன்.

"அங்க எடம் இருக்குதுங்களா அத்தை? ரூம் பூரா அந்தச் செட்டுதானே."

"டிரெஸ்ஸிங் டேபிளை எடுத்து வெளிய போட்டர்றேன்."

"செட்டு ஒடஞ்சு போயிருமுங்க."

"ஒடஞ்சுட்டுப் போகட்டும்."

ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பினார். மாப்பிள்ளை நாற்காலியின் கையிலிருந்து தன் கையை எடுக்கவில்லை.

"எப்பவாச்சும் நான் வந்து கொஞ்ச நேரம் இதுல உக்காந்துட்டுப் போலாங்களா?" என்றார். "வர்றப்ப போன் பண்ணிட்டே வர்றனுங்க அத்தை."

"போன் பண்ண வேண்டாங்க மாப்பிள்ளை" என்றேன். "சொல்லாமயே வாங்க."